வெள்ளையாக இருந்த வடிதாள்

காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் நான் எந்தக் கருவியையும் தொட்டதில்லை ஐயா. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதும், சொன்ன நேரத்துக்கு வடிதாள் மாற்றுவதும்தான் தங்கச்சாமியாகிய என் வேலை.

விசாரணை என்று கேட்கிறீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். கோவில்பட்டியில் பூவனநாதன் முதலாளி தீப்பெட்டி லேபிள் அச்சகம் நடத்துகிறார். நல்ல மனிதர். மை நெடியில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தலை சுற்றுகிறது என்று 2003இல் காற்றைச் சுத்தம் செய்யும் மின்பொறிக் கருவி ஒன்றை வாங்கி மாட்டினார். நெடி போய்விட்டது. இருமல் வந்தது.

அது ஏன் என்று கண்டுபிடிக்க, எங்கள் வேதியியல் பேராசிரியை உமாதேவி அம்மா அதே மாதிரிப் பொறியை ஆய்வகத்தில் மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் அமைத்தார். ஊதாவாக ஒளிரும், பிளாஸ்மா என்பார்கள். மையின் ஆவியை உள்ளே விட்டால் அது நுண்துகளாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் வடிதாளில் கறை படியும். தாளைக் கை படாமல் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும்.

ஐப்பசியில் முதல் தாளை நான்தான் எடுத்தேன். கருப்பட்டிப் பாகு நிறம். அம்மா வகுப்பில் இருந்தார்.

எனக்கு முதலாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கருவிக்கு மாலை போட்டு, எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தவர். இரக்கப்பட்டுச் செய்தது விஷமாயிற்று என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? கறைத் தாளை ஒளித்துவிட்டு, அம்மா பார்ப்பதற்கு ஒரு வெள்ளைத் தாளைக் கையாலேயே எடுத்து வைத்தேன். பிறகு ஐந்து மாதம், ஒவ்வொரு முறையும்.

அன்று மாலையே என் மகள் பிரேமாவை அச்சக வேலையிலிருந்து நிறுத்தித் தையல் வகுப்பில் சேர்த்தேன். எங்கள் தெரு முத்துசெல்வி, புருஷனை இழந்தவள், வேலை தேடிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு உண்டு. உட்கார்ந்து செய்யும் வேலை அவளுக்கு நல்லது என்று பட்டது. முதலாளியிடம் நானே சொல்லி, பிரேமாவின் இடத்தில் சேர்த்துவிட்டேன். கருவிக்கு நேர் கீழே இருக்கும் இடம்.

தை மாதம் முத்துசெல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க மிசினு எங்க காத்தப் பத்தி என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்லம்மா. தாளு வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்ப இந்த இருமலு எங்கன இருந்து வருதாம்? ஏட்டி, வாயக் கொறன்னு சாமி சொல்லுதோ என்னமோ" என்று சிரித்தாள்.

மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பதினோரு நாள் கொடுத்தேன்.

உமாதேவி அம்மா முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார். பிறகு குழாய் இணைப்பை. பிறகு என்னோடு பேச்சைக் குறைத்து, என் விரல்களையே பார்க்கத் தொடங்கினார். முந்தாநாள் ஒரு தாளை நுண்ணோக்கியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மூடுன குழாய்க்குள்ள திருநீறு எப்படிப் போச்சு?"

திருநீற்றை வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். முத்துசெல்வியை அடக்கம் செய்து அன்றோடு ஒன்பது நாள்.

தாளை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன், எழுதிக்கொள்ளுங்கள். இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, கையில் வேலை இல்லை. கருவிக்குக் கீழே அவள் அம்மா உட்கார்ந்த இடம் சும்மாதான் கிடக்கிறது. அதை அவளுக்கே கொடுக்கும்படி நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.