ஓடிக்கொலோன் போட்டுத் துடைச்ச புத்தகம்

உந்தக் கதிரையில இரும், பிள்ளை. ஓம், நான்தான் புனிதம், இந்தப் பள்ளிக்கூட நூலகத்துக்குப் பொறுப்பு. மூண்டு மாதம் என்னட்டப் பழகி, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தால்தான் உமக்கு நூலக உதவியாளர் வேலை. சொன்னவையோ? நல்லது.

முதல்ல அந்த அலுமாரியைப் பாரும். பூட்டு இருக்கே? கழட்டினது நான்தான். கடலுக்குள்ள எறியத்தான் நினைச்சனான், பிறகு வள்ளத்து எஞ்சினுக்குத் தேவைப்பட்டுது.

இஞ்ச வாறது எல்லாம் சின்னாக்கள். பாயில படுப்பினம், புத்தகத்தைத் தலைகீழாப் பிடிப்பினம், எச்சில் தொட்டுத் தாள் பிரட்டுவினம். நீர் ஒண்டும் சொல்லப்படாது. கிழிஞ்சால் ஒட்டலாம். சிரிக்காதையும், மெய்யாத்தான் சொல்லுறன்.

எனக்கு முதல் இதில இருந்தவா அப்பிடியில்லை. அலுமாரிப் பூட்டின்ர திறப்பைச் சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சிருப்பா. வலயக் கல்விக் கந்தோரிலயிருந்து ஆக்கள் பாக்க வந்தால் மட்டும் அலுமாரி திறபடும். பிள்ளையள் வரிசையில போய் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில வைச்சுக்கொண்டு இருக்கோணும். விரிக்கப்படாது. கார் போனவுடன திருப்பி உள்ள.

ஓம், புத்தகம் பழுதாப் போகேல்லைத்தான். பழுதாப் போனது என்ர மகன்.

யூட்சன் அப்ப மூண்டாம் வகுப்பு. சண்டை முடிஞ்சு மீளக் குடியேறின புதிசு. முகாமில கிடந்த பிள்ளை, எழுத்துக் கூட்டத்தான் தெரியும். விடிய மாமன்மாரோட கரைவலை இழுத்துப்போட்டு, பங்கு மீனை என்னட்டத் தந்திட்டு, அப்பிடியே பள்ளிக்கூடம் ஓடுவான். கந்தோர் ஆக்கள் வந்த அண்டைக்கு அவன்ர கையில திமிங்கிலப் படம் போட்ட புத்தகம் வந்திருக்கு. ஆசையில விரிச்சிட்டான். அவா பறிச்சு, மணந்து பாத்து, வந்த ஆக்களுக்கு முன்னால சொன்னவா, கரைப் பிள்ளையளின்ர கையில குடுத்தால் அலுமாரியே நாறும் எண்டு. பிறகு மீன் மணம் போக வாசனைக்கு ஓடிக்கொலோன் போட்டுத் துடைச்சவா. அவன் வாசலில நிண்டு பாத்தவன். அடுத்தநாளில இருந்து பள்ளிக்கூடம் போகேல்லை. அடிச்சும் பாத்தன், கெஞ்சியும் பாத்தன். இண்டைக்கு மீசை வைச்ச ஆம்பிளை. பஸ் எங்க போகுதெண்டு பக்கத்தில நிக்கிறவனைத்தான் கேப்பான்.

நான் அழேல்லை. பங்கருக்குள்ளயும் விடாமல் காத்த என்ர ஏ.எல். பரீட்சைச் சேட்டிபிக்கற்றை எடுத்து, நூலகப் பயிற்சிக்கு எழுதிப் போட்டன். கிளிநொச்சிக்கு பஸ்ஸில போய்ப் படிச்சனான். புத்தகத்தில அவ்வளவு ஆசையோ எண்டு சனம் கேட்டது. ஆசையில்லை, ஆத்திரம். அவான்ர கதிரையில நான் இருக்கோணும், அவ்வளவுதான். அவா பென்சனில போன அண்டைக்கு என்னட்டத்தான் திறப்பைத் தந்தவா. என்ர முகம் அவாக்கு நினைவில்லை. சிரிச்சுக்கொண்டு தந்தவா. அதை நினைச்சால் இப்பவும் எனக்கு உடம்பு கொதிக்கும்.

ஏன் எழும்புறீர்? இரும். உம்மட பேரைக் கண்டவுடனயே எனக்குத் தெரியும், பிரேமிளா. கௌசலா ரீச்சரின்ர கடைசி மகள். மூக்கும் முழியும் அப்பிடியே அம்மாதான்.

பயப்பிடாதையும், உம்மைத் திருப்பி அனுப்பமாட்டன். அனுப்பினால் எனக்கென்ன லாபம்? உமக்கெண்டு ஒரு வேலை ஒதுக்கி வைச்சிருக்கிறன். அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால எங்கட மீன் வாடி இருக்கு. நாளையில இருந்து காலமை வள்ளம் கரைக்கு வரேக்க அங்க நில்லும். விருப்பமான புத்தகத்தை இதில எடுத்துக்கொண்டு போம். யூட்சன் வலையில மீன் கழட்டுவான், நீர் பக்கத்தில இருந்து அவனுக்கு வாசிக்கப் பழக்கும். முதல்ல மாட்டனெண்டுதான் நிண்டவன். ஆரின்ர மகள் வாறா எண்டு சொன்னன், பிறகு ஓமெண்டிட்டான். அவன் ஒரு புத்தகத்தை முழுசா எனக்கு வாசிச்சுக் காட்டுற அண்டைக்கு நான் கையெழுத்துப் போடுறன்.

ஓம், உடுப்பெல்லாம் மணக்கும்தான். வீட்டில அம்மா கேப்பா. யூட்சன்ர தாய் அனுப்பினவா எண்டு சொல்லும்.