போய்ட்டு வாங்க

பொழுது சாயும் நேரம், மஃரிபு பாங்குக்குச் சற்று முந்தி. ஆரியங்காவைத் தாண்டி, கோட்டைவாசலுக்கு முன்னால் வரும் வளைவுகள். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். ஒரு லாரிகூட இல்லை. மழை விட்டிருந்தது... மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

இது ஃபாயிஸாவின் மாமாவுக்கு நடந்தது. என்னோடு படித்த கடையநல்லூர் ஃபாயிஸா. அவளே சொன்னாள். அந்த ஜன்னலைச் சாத்து, பொன்செல்வி. அருவிச் சத்தத்தில் என் குரல் இங்கே யாருக்கும் கேட்காது.

ஆசிக் மாமாவுக்குத் துபாயில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் ஃபாயிஸாவின் குட்டித் தங்கை ஷிஃபாவை ஏதாவது ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். முந்தின லீவில் இரவிகுளம், வரையாடு. இந்த லீவில் பெரியாறு. படகில் சுற்றினார்கள். ஒரு யானைகூடக் கண்ணில் படவில்லை. பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. திரும்பும்போதாவது ஏதாவது தென்படட்டும் என்று கேரளத்துக் காட்டுப்பாதையிலேயே காரை விட்டார் மாமா.

புளியறையில் சாப்பிடுவதாகத்தான் இருந்தது. ஷிஃபாவுக்குப் பசி தாங்கவில்லை. வளைவில் அகலமான ஓர் இடத்தில் நிறுத்தி, புல்லில் பாயை விரித்து, புனலூரில் வாங்கிய நெய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். குனிந்து முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் யாரோ நிற்பது கடைக்கண்ணில் பட்டது. அவர் நிமிரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“வாங்க... சாப்பிடலாம்.”

நம் ஊரில் யார்தான் சொல்வதில்லை? சாப்பிடும்போது ஆள் கடந்துபோனால் கூப்பிடுவோம். அவரும் “ஆச்சு, நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒப்புக்குக் கூப்பிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

அங்கே அந்தப் பதில் வரவில்லை.

“என்னையக் கூப்பிட்டாலும் நான் வந்துருவேன்ட்டி. அதுக்குப் பேயா வரணும்?” என்கிறாள் பொன்செல்வி. நீ சிரித்துக்கொள்ளடி.

ஈர இலை மிதிபடும் சத்தம். சதக்... சதக்... கிட்டே வந்து நின்றது. ஷிஃபா பாயில் ஒதுங்கி உட்கார்ந்தாள். யாருக்கோ இடம் விடுகிற மாதிரி.

மாமா நிமிர்ந்தார். யாருமில்லை. பாயின் காலிப் பக்கம் மட்டும் மெல்ல... அழுந்தியது. ஊசிப்போன வாடை. பொட்டலத்தில் சூடு ஆறாத சோறு, அவர் கண் முன்னால் நூல்விட்டுக் கிடந்தது.

பிள்ளையை வாரிக் காரில் போட்டுக்கொண்டு, எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

அன்றிலிருந்து ஷிஃபா சாப்பிடவில்லை. உம்மா தட்டு வைத்தால், அதைப் பக்கத்தில் நகர்த்திவிட்டுக் காத்திருப்பாள். அப்போதுதான் வடித்த சோறு... ஆவி அடங்குமுன் புளித்துவிடும். தென்காசியில் ஆஸ்பத்திரியில் வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஓதிப் பார்த்தார்கள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஏன்ட்டி திங்க மாட்டேங்குற என்று உம்மா அழுது கேட்டபோது, பிள்ளை பொறுமையாகத்தான் சொன்னாள்.

“விருந்தாளிக்குத்தான மொதல்ல வைக்கணும்? நீங்கதான சொல்லுவீங்க உம்மா. அவங்களுக்கு இன்னும் வயிறு நெறயல.”

இப்படியே போனால் பிள்ளை தங்காது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கூப்பிட்டவன் நான், அனுப்ப வேண்டியவனும் நான்தான் என்று மாமா கிளம்பினார். ஷிஃபாவையும் தூக்கிக்கொண்டுதான்.

அதே வளைவு. வெயில் இருக்கும்போதே போய்விட்டார். அதே புல்லில் பாய். ஒரு சட்டி நிறையச் சோறும் கறியும் வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். சட்டி நுரைத்தது... பொங்கியது... அடங்கியது. அப்புறம் ஓர் ஏப்பம். அவருக்கு நன்றாகக் கேட்டது.

இப்போது போ என்று சொல்ல வேண்டும். எழுந்து போ என்று. ஆனால் சாப்பிட்டு முடித்த ஆளை அப்படிச் சொல்லிப் பழகாத வாய். நம் எல்லாருக்கும் உள்ள அதே வாய். மாமா எழுந்து நின்றார். தலையைத் தாழ்த்தினார். மரியாதையாகச் சொன்னார்.

“சரி... போய்ட்டு வாங்க.”

பொன்செல்வி இப்போது சிரிக்கவில்லை.

இலைச் சத்தம். சதக்... சதக்... மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. வாடையும் போய்விட்டது. வெறும் மழை மண் வாசம். ஷிஃபா கண்ணைத் திறந்து, பசிக்கி மாமா என்றாள்.

புளியறை. லாரிகள், கல்லில் கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம், சால்னா மணம், கடைக்காரர்களின் மலையாளமும் தமிழும். ஷிஃபா பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். ஒரு தட்டு முடித்து இன்னொன்று கேட்டாள். மாமா உம்மாவுக்கு போன் போட்டார். பிள்ளை திங்குது, பிள்ளை திங்குது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே அழுகை.

“மாமா,” என்றாள் ஷிஃபா. “நீங்க போய்ட்டு வாங்கன்னுதான சொன்னீங்க?”

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“சரின்னுட்டாங்க. வீட்டு ஆளுகளையும் கூட்டிட்டு வாராங்களாம்.”

வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். விரலில் ஒட்டிய சால்னாவை நக்கினாள். பிறகு, வீட்டில் விசேஷம் வந்தால் உம்மா யோசிப்பாளே, அப்படி யோசித்தாள்.

“நம்ம வீட்ல தட்டு எத்தன இருக்கு மாமா?”