கையெழுத்துப் போட மறுத்த ஹிரண்மயி தீதிக்கு

ஓவியம் காத்த ஓய்வறியாப் பெருந்தகையே! பெயர்ப்பலகையில் ஒரு சொல் பிசகினும் பொறுக்காத பிடிவாதப் பேரரசியே! கொல்கத்தாவின் இக்கலைக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாய் எங்கள் பொறுமையைப் பொடிப்பொடியாக்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தீதியே, அக்காவே, ஹிரண்மயி சமாத்தார் அவர்களே! வணக்கத்தோடு தொடங்குகிறோம், அதில் பெருமூச்சும் அடக்கம்.

வங்கப் பஞ்சத்தில் வடிகஞ்சி கேட்டு நகருக்கு வந்து, நடைபாதையில் சுருண்டு செத்தவர்களின் கரிக்கோட்டுப் படம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்த ஒரு படத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா! சுதந்திர தினக் கண்காட்சிக்குத் தலைவர்களும் ஊர்வலங்களும் போதாதா, பிள்ளைகள் வரும் இடத்தில் பிணம் எதற்கு என்று மேலிடம் கேட்டது. நீங்கள் விடுப்பில் இருந்த வாரத்தில், ‘ஓய்வெடுக்கும் கிராமத்தார்’ என்று தாளில் அச்சிட்டு அதனடியில் ஒட்டினோம். ஒட்டியவர்கள் நாங்களேதான்.

ஒரு பள்ளி ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “பாருங்க பசங்களா, வேலை முடிஞ்சு எவ்வளவு நிம்மதியாத் தூங்குறாங்க!” என்றார். நாற்பது நோட்டுகளில் அது ஏறிவிட்டது.

திரும்பி வந்ததும் தாளைக் கிழித்தீர்கள். அத்தோடு விட்டீர்களா? கொட்டும் ஆகஸ்ட் மழையில் எங்களை டிராமில் ஏற்றி, அந்தப் பள்ளிக்கே இழுத்துப் போய், நாற்பது நோட்டையும் திருத்த வைத்தீர்கள்.

“ஒரு வரிதானே தீதி, விட்டுத் தொலைங்களேன்!” என்று எங்களில் ஒருவரான பிமலேந்து கெஞ்சினார்.

“சுவத்துல நாம எழுதுறதைத்தான்யா இந்த நாடு ஞாபகம் வெச்சுக்கும். செத்தவங்களைத் தூங்க வெச்சுட்டுக் கொடி ஏத்துவியா? குடையை ஒழுங்காப் பிடி!” என்றீர்கள்.

ஒரு படத்தின் பெயர்ப்பலகையை மாற்ற ஏழு பேர் கையொப்பம் வேண்டும் என்பது விதி. அதன்பின் ஆண்டுதோறும் ஜூலைக் கூட்டத்துக்கு, ‘ஓய்வெடுக்கும் கிராமத்தார்’ என்ற அதே தலைப்போடு இயக்குநரிடமிருந்து படிவம் வரும். ஆறு பேர் போடுவோம். ஏழாவதாகிய நீங்கள் போடமாட்டீர்கள். வாதாடினால் பதில் சொல்லலாம். நீங்களோ சன்னலைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பீர்கள். தேநீர் ஆறிப்போகும், பொரி நமுத்துப்போகும். பதினொரு ஆண்டுகள்! உங்கள் மௌனத்தைப்போல் எங்களுக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்றில்லை.

நீங்கள் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த ஏழாவது கட்டம் நிரம்பிவிடும் என்று காத்திருந்தோம். இன்று காலையே, எங்கள் ஆறு கையொப்பங்களோடு, படிவம் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சுசந்திராவின் மேசையை அடைந்தது.

“போட்டுடும்மா. தீதி போயாச்சு. இனியாவது சீக்கிரம் வீட்டுக்குப் போவோம்” என்றார் பிமலேந்து.

“முதல்ல நீங்க போட்டதை அடிங்க, பிமல்தா” என்றார் சுசந்திரா.

“உனக்கும் அந்தப் பித்து பிடிச்சிருச்சா?” என்று கத்தினார். அரை மணி நேரம் முணுமுணுத்தார். பிறகு படிவத்தைப் பிடுங்கித் தன் பெயரை அடித்தார். மற்ற ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடித்தோம். இந்த விழா மேடையில் இயக்குநரின் முகம் ஏன் இப்படி இருக்கிறதென்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

இனி ஜூலைக் கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு உட்கார நாங்கள் பழக வேண்டும். இந்தக் கொடுமையை எங்கள் தலையில் கட்டிவிட்டுச் செல்லும் தாங்கள், நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் வாழ்க!

இவண்,
தங்களிடம் அலுத்துப்போன
கலைக்கூடப் பணியாளர்கள்