அரை ரொட்டியில் எத்தனை கால் ரொட்டி

விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா? உங்கள் மேசையில் இருக்கும் விடைத்தாள்கள் பறந்துவிடும் போலிருக்கிறது. நன்றி. விசாரணை அதிகாரி என்றதும் வேறு மாதிரி நினைத்திருந்தேன், நீங்கள் தன்மையாகத்தான் இருக்கிறீர்கள். நானும் எதையும் மறைக்கப்போவதில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். இந்த ஆண்டு, பிள்ளைகளின் விடையைப் பார்த்து அடுத்த பயிற்சியைத் தரும் ஒரு கணக்கு மென்பொருளை ஆறு வாரம் வகுப்பில் ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று அறிக்கை தரும் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். திரையின் மூலையில் ஓர் ஆந்தை கண் சிமிட்டும். அதனால் பிள்ளைகள் அதற்கு ஆந்தை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் அது எனக்கு மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியது. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பின்ன வகுத்தலில் ஒரே தவறைச் செய்கிறார்களாம். ‘இது கற்பித்தலிலிருந்து வந்திருக்கலாம்’ என்று பணிவாக வேறு எழுதியிருந்தது. கீழே ஒரு ரொட்டிப் படம். அரை ரொட்டியில் எத்தனை கால் ரொட்டி? பார்த்தாலே தெரிகிறது, இரண்டு. என் முறையில் அரை வரும். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்க வேண்டிய இடத்தில் நான் முதலாவதைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாடநூலின் பின்பக்க விடைகளெல்லாம் தலைகீழாக இருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பேனாவால் திருத்தச் சொன்னேன். அடுத்த வகுப்பு ஆசிரியை, “லீவுல எல்லாத்தையும் மறந்துட்டு வருதுங்க சார்” என்று சலித்துக்கொள்வார். நானும் கூடவே சலித்துக்கொள்வேன்.

ஒப்புக்கொண்டிருக்கலாமே என்கிறீர்கள். எழுநூற்று அறுபது பிள்ளைகள், ஐயா. அவர்களுடைய நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் ஒருத்தி இன்று மருந்துக்கடையில் மருந்து கலந்து தருகிறாள். வழியில் பார்த்தால் எவ்வளவு மரியாதையாக வணக்கம் சொல்கிறாள் தெரியுமா? மருந்தை மட்டும் நான் வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே ஆந்தை போக வேண்டியதாயிற்று. மதிப்பீட்டுக் குழு பார்வையிட வருவதற்கு முந்தைய நாள் பிள்ளைகளிடம், “நாளைக்கு ஆந்தைய ஏமாத்தப்போறோம். முதல் பத்துக் கேள்விக்கும் தப்பாவே பதில் போடணும். யாரும் மூச்சு விடக் கூடாது” என்றேன். அவ்வளவு ஒழுங்காக அவர்கள் எதையுமே செய்ததில்லை. மறுநாள் குழுவின் கண்முன்னே, வகுப்பில் முதலாவதாக வருபவளை ஐந்து ஆப்பிள்களை எண்ணப் பழகச் சொன்னது ஆந்தை. தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண், “ஒரு நிமிஷம் மேடம், இப்படி ஆகாதே” என்று கணினி கணினியாக ஓடினாள். பாவமாகத்தான் இருந்தது. ‘வகுப்பறைக்கு உகந்ததல்ல’ என்று படிவத்தில் எழுதினேன். பிள்ளைகளின் அந்தரங்கம் கருதிப் பதிவுகளை அழித்துவிடும்படியும் பரிந்துரைத்தேன். அந்த நிறுவனப் பெண் ஒரு பிரதி வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

முப்பத்தெட்டுப் பேர் போக மீதி இரண்டு பேரா? ஒருத்தி அந்தப் பாடம் நடந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாள். பிறகு அவளுக்கு நானே தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்னொருத்தி இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவள். “சார், பழைய ஸ்கூல்ல ரெண்டாவதத்தான் திருப்பிப் போடச் சொன்னாங்க” என்றாள். “அது அந்த ஸ்கூல்மா” என்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் தனியாக நிற்பது அதற்கு நல்லதா, சொல்லுங்கள். ஆந்தையை அனுப்பிய மறுநாளிலிருந்து மூன்று மாதம், மதிய இடைவேளையில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். வேறு எந்த ஆசிரியர் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுப்பார்? முதலில் அழுதாள். அவளுடைய அம்மா வந்து, “கணக்குன்னாலே ராத்திரி தூங்க மாட்டேங்கிறா சார். தனக்கு மூளையே இல்லன்னு சொல்றா” என்றார். “சரியாகிடும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உங்கள் கையில் மேலாக இருப்பது அவளுடைய தாள்தான். பத்து விடைகளும் தலைகீழ். பத்துக்கும் சரி போட்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு நட்சத்திரமும் உண்டு.

அதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எப்படிச் சிரித்தாள் தெரியுமா? அதையும் உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.