சுவாமிமார் படுத்த இடம்

அபி வூட் ரயில் நிலையத்தில், பழைய கிறிஸ்தவத் துறவிமடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வயதான தம்பதி, ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். கணவருடைய சட்டையெல்லாம் புல்.

“ஏன் என்னை எழுப்பேல்லை? இவ்வளவு தூரம் வந்து ஒண்டையும் பாக்கேல்லையே.”

“பேப்பர்க் கடையை வித்த நாள் தொடக்கம் நீங்கள் ஒழுங்கா நித்திரை கொண்டதே இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, பேப்பர்க் கட்டு வந்திட்டுதோ எண்டு சன்னலாலை பாப்பீங்கள். இண்டைக்குப் புல்லிலை சரிஞ்சவுடனை குறட்டை. எனக்கு எழுப்ப மனம் வரேல்லை.”

“ஆக்கள் பாத்தவையே?”

“ஒரு நாய் வந்து மூக்காலை மணந்து பாத்திட்டுப் போட்டுது.”

அவர் சிரித்தார். “நீர் என்ன செய்தனீர்?”

“சுத்திப் பாத்தன். அரைச் சுவர்தான் மிச்சம். குசினி, சாப்பாட்டு மண்டபம், பூசை செய்த இடம், எல்லாத்துக்கும் போர்டு வைச்சிருக்கினம்.”

“நான் கிடந்த இடம்?”

“அதுதான் சுவாமிமார் நித்திரை கொண்ட மண்டபமாம்.”

அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு புல்லை எடுத்துப் பார்த்தார்.

“வாற சனிக்கிழமையும் வருவமே?”

“ஓம். ஒரு பாயும் கொண்டு வருவம்.”