கிள்ளைக்காரர் வாங்கிய கடை எறா

“நீங்க கொளுத்தறது எங்க கடலோட சோறு மாமா.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் கேட்டது. சொன்னவர் கிள்ளைப் பக்கம் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். பக்கத்தில் அவருடைய அக்கா வீட்டுக்காரர், வெள்ளாற்று அணைக்கட்டு ஒன்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர். இது பேச்சுவாக்கில் தெரிந்தது. எறாக்காரர் மடியில், கடலூர் மார்க்கெட்டில் வாங்கிய எறா ஒரு பை இருந்தது.

“என்ன பண்ணச் சொல்ற மச்சான்? எல, தழ, வைக்கோலுன்னு ஷட்டர அடைச்சுக்குது. கொக்கி போட்டு இழுத்து, கரையில காயவெச்சுக் கொளுத்தறோம்.”

“முன்னல்லாம் அது மக்கிப்போயி எங்ககிட்ட வரும். அந்தச் சேத்துலதான் எறாக்குஞ்சு மேயும். இப்ப வெறும் தண்ணி வருது, அதுவும் மழைக்கு மட்டும்.”

“ஷட்டர் அடைச்சுக்கிட்டா ஆபீசர் என்னைத்தான கேப்பாரு?”

“கொளுத்தாம ஷட்டருக்கு அந்தப் பக்கம் தள்ளி உடுங்களேன்.”

“ஒரு வாட்டி தள்ளுனேன். ஆத்த அசிங்கம் பண்றேன்னு ஊருசனம் சண்டைக்கு வந்துட்டாங்க.”

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. லஸ்கர் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

“பாரு மச்சான், ஒரு செத்த சருகு கூட இல்ல. எவ்ளோ சுத்தமா இருக்கு.”

எறாக்காரர் திரும்பவில்லை. பையை எடுத்து லஸ்கர் மடியில் வைத்தார்.

“அக்கா கேட்டா, நான் புடிச்சதுன்னு சொல்லுங்க மாமா.”