ஏழுமலை மறுத்த தண்ணீர்

"குனி! குனி!"

ஓட்டுநர் கத்துகிறான். மலையாளி. லாரியில் தமிழரும் ஆந்திரரும் மலையாளிகளும் இருக்கிறோம். அந்தச் சொல் எல்லோருக்கும் புரிகிறது.

டட்டட்டட். நிறுத்தம். மறுபடியும் டட்டட்டட். வலப்பக்கமிருந்து. தகரத்தில் குண்டு பாயும் ஓசை ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் இருக்கிறது. ஏழு முறை எண்ணினேன்.

ஆகஸ்ட் 1990. குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்த ஒன்பதாம் நாள். காலை எட்டேகால். சவூதி எல்லையை நோக்கிப் பாலைவனத்தின் ஊடே தப்பி ஓடுகிறோம். சாலை கிடையாது. லாரியில் இருபத்திரண்டு பேர்.

சுடுவது ஓய்ந்தது. லாரி இன்னும் அரை மணி நேரம் ஓடியது. பிறகு நின்றது. திரும்பக் கிளம்பவில்லை.

ஆந்திரத் தச்சர் வெங்கடேசு கழுத்தில் குண்டு பட்டு இறந்திருந்தார். தண்ணீர் டிரம்மில் நான்கு ஓட்டைகள். மணலில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஏழுமலை இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஏழுமலை மண்டகப்பட்டுக்காரன். கம்பி கட்டும் வேலை. நான் செஞ்சி. தத்துவத்தில் எம்.ஏ. படித்துவிட்டு அதே கட்டுமானக் கம்பெனியில் கிளார்க். நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் சமணன்; எங்களை ஊரில் நைனார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டேன், தண்ணீரும் குடிக்க மாட்டேன். துணியில் வடிகட்டிய நீரைத்தான் குடிப்பேன். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஆறு மணியானா உங்க சாமி வாய்க்குப் பூட்டு போட்டுடுமா நைனாரே?" என்பான். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாமலிருந்து உயிர் விட்டார். கல்வெட்டு இருக்கிறது. அப்படி நோன்பேற்றவரை உண்ணும்படி வற்புறுத்துவது எங்களுக்குப் பாவம். அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒவ்வொரு தர்மம் என்று முடித்தேன். எம்.ஏ.வில் படித்தது அது.

வடிகட்டிய நீர் என்பதால் என் தண்ணீர் டிரம்மில் இல்லை. தனி பாட்டிலில் இருந்தது. ஒன்றரை லிட்டர். முழுதாகத் தப்பியது.

ஏழுமலையின் காலைத் துணியால் கட்டினோம். ரத்தம் நின்றது. எல்லோரும் லாரிக்கு அடியில் படுத்தோம். பத்து மணிக்கு ஓட்டுநர் உதவி தேடி நடந்து போனான்.

மலையாளிச் சமையல்காரர் மொய்துவிடம் ஒரு பிளாஸ்க் தேநீர் இருந்தது. அறுபது வயது மனிதர். மூடியில் ஊற்றி ஊற்றி ஒவ்வொருவர் வாயிலும் வைத்தார். வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. தான் குடிக்கவில்லை. ஏழுமலையிடம் வருமுன் தீர்ந்துவிட்டது. என் கையில் பாட்டிலைப் பார்த்தார். அவனை என்னிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்.

பகல் பன்னிரண்டரை. பாட்டிலை ஏழுமலையிடம் நீட்டினேன். குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"வேணாம் நைனாரே. நீங்க குடிங்க."

கைகூப்பினான். கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் நோன்பேற்றுவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். குன்றின் கதையைக் கேட்டவன். முடிவு தெரிந்தவன். அமைதியாகப் போக விரும்புகிறான். தடுக்கக் கூடாது. இப்படி நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது. எனக்குத் தாகம்.

அவன் உதடு வெடித்திருந்தது. பார்த்தேன்.

மாலை ஆறே முக்கால். சூரியன் மறைந்துவிட்டது. நான் தண்ணீர் குடித்தேன். அதுவரை வாழ்நாளில் பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் நீர் அருந்தியதில்லை. என் நெறியை எனக்காக முறித்தேன். அவன்மீது நானே சுமத்திய நெறியை மட்டும் பத்திரமாகக் காத்தேன்.

மறுநாள் காலை மொய்து எழுந்திருக்கவில்லை. பகல் ஒன்று நாற்பதுக்கு ஏழுமலை இறந்தான். நான்கு மணிக்கு ஓட்டுநர் சவூதி ராணுவ ஜீப்போடு வந்தான். பாட்டிலில் இன்னும் கால் பாகம் தண்ணீர் இருந்தது. எல்லை முகாமில் மருத்துவர் ஏழுமலையின் காலைப் பார்த்தார். இந்தக் காயம் ஆளைக் கொல்லாது என்றார்.

ஊர் திரும்பினேன். மண்டகப்பட்டு போனேன். அவன் மனைவி பச்சையம்மாளிடம், உன் புருஷன் நான் நீட்டிய தண்ணீரையும் வேண்டாமென்று மகான்போல் நோன்பிருந்து போனான் என்று சொன்னேன். வலி இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் இதையே சொன்னேன். கல்லூரிக் கூட்டங்களிலும் சொன்னேன். கை தட்டினார்கள்.

போன தை மாதம் ஏழுமலையின் பேத்திக்குக் கல்யாணம். பகல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். பரிமாறுகிறவன் வடையோடு வந்தான். போதும் என்று இலையைக் கையால் மறைத்தேன். பச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

"சும்மா சொல்றாரு. வைடா."

வைத்தான். சாப்பிட்டேன். அவள் எதிரில் வந்து நின்றாள்.

"அவரும் இதே ரகந்தான் நைனாரே. எங்கம்மா வூட்லயே மூணு தடவ சொன்னாதான் கை நனைப்பாரு. மொத ரெண்டு தடவையும் வேணாந்தான்."

பிறகு கேட்டாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"நீங்க எத்தினி தடவ சொன்னீங்க?"

"ஒரு தடவை."

என் இலையைப் பார்த்தாள். "சாப்டுங்க. எலை காயுது" என்றாள். அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அறம் எங்கும் ஒன்றா, ஜனத்துக்கு ஜனம் மாறுமா? மாறும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மறுப்பவனை வற்புறுத்தாதே என்பது ஒரு வழக்கம். மறுப்பவனை விட்டுவிடாதே என்பது இன்னொன்று. இரண்டையும் நல்லவர்கள்தான் உண்டாக்கினார்கள். நானும் இந்த மண்ணில் பிறந்தவன். பந்தியில் 'வேணாம்' என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று மட்டும் தெரியாதவனாக இருந்தேன். இரண்டு வழக்கங்களில் எது எனக்குத் தண்ணீர் தந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். மொய்து வேறு மதம், வேறு மொழி. அவருக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. வாயில் வைத்தார். அவ்வளவுதான். எந்த ஊர்க்காரன் பார்த்திருந்தாலும் எங்கள் இருவரில் யார் சரி என்று சொல்லியிருப்பான்.

இதை எழுதி முதலில் பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். கணக்கைச் சரியாக எழுதுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

லாரி ஒன்று. தண்ணீர் ஒரு டிரம், ஒரு பாட்டில். ஏறியவர்கள் இருபத்திரண்டு. எல்லை சேர்ந்தவர்கள் பத்தொன்பது.

வெங்கடேசு, தச்சர். குண்டால்.

மொய்து, சமையல்காரர். வெயிலால்.

ஏழுமலை, கம்பி கட்டுபவன், மண்டகப்பட்டு, வயது முப்பத்தொன்று. என்னால்.